ஏழாம் நம்பர் பைலட்டின் டேங்க்

கெரோபினின் துணி சோப்பு வழக்கத்தை விடச் சீக்கிரம் தீர்ந்துகொண்டிருந்தது. நீளச் சோப்பை நான்கு துண்டாக வெட்டி வைத்தால் ஒரு துண்டு ஒரு வாரத்துக்கு வரும். மழை தொடங்கியதிலிருந்து எந்தத் துண்டும் நான்கு நாளைத் தாண்டவில்லை. முதலில் எலி என்று நினைத்தாள். பிறகு காக்கை என்று நினைத்தாள். திவார் தீவுக் காக்கைகள் கிணற்றடியில் இருக்கும் சோப்பைத் தூக்கிக்கொண்டு போய்த் தென்னை உச்சியில் வைத்துக் கொத்தும். ஆனால் காக்கைக்குக் கட்டைவிரல் கிடையாது. சோப்பின் ஓரத்தில் இருந்தது நல்ல தடித்த கட்டைவிரலின் பள்ளம்.

சனிக்கிழமை காலை ஆள் பிடிபட்டான். அவள் புருஷன் மிங்கெல், மாட்டிடம் பால் கறக்கிறவன் மாதிரி மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தி, டேங்கின் அடிவயிற்றில் எதையோ அப்பிக்கொண்டிருந்தான்.

"மிங்கெல், என் சோப்பு எங்க?"

அவன் திடுக்கிட்டு எழுந்ததில் ஹேண்டில்பாரில் தலை இடித்தது.

"சோப்பா? எந்த சோப்பு?"

"உன் விரல்ல இருக்கிறது."

அவன் விரலைப் பார்த்தான். நீலமாக இருந்தது. இனி மறைக்க ஒன்றுமில்லை.

"டேங்க்ல ஒரு சின்ன ஓட்டை, கெரோபின். ஊசி முனை அளவுதான். சோப்பை வெச்சுத் தேய்ச்சா நின்னுடும். பெட்ரோல்ல சோப்பு கரையாது, தெரியுமா?"

"எத்தனை நாளா ஒழுகுது?"

"ஒழுகலை. கசியுது."

"சரி, எத்தனை நாளா கசியுது?"

"மழைக்கு முன்னாலருந்து."

கெரோபின் இடுப்பில் கை வைத்தாள். "ரெண்டு மாசமா வீடெல்லாம் பெட்ரோல் நாத்தம்னு கத்திட்டிருக்கேன். உனக்குப் பிரமை, டாக்டரைப் பாருன்னு சொன்னியே. இந்த நாக்காலதானே சொன்ன?"

"எனக்கு வாசனையே வரலையே. சத்தியமா."

அது பொய்யில்லை. மிங்கெல் படகுத்துறையில் பைலட்டாகி இருபத்தாறு வருஷம் ஆகிறது. முன்பக்க மட்கார்டில் மஞ்சள் பூசிய வண்டி. படகிலிருந்து இறங்குகிற ஆளைப் பின்னால் உட்காரவைத்து, தீவில் எந்த மூலைக்கும் கொண்டுபோய் விடுவான். அத்தனை வருஷமும் முழங்காலுக்கு நடுவில் பெட்ரோல் டேங்க்தான். மூக்குக்கு அந்த வாசனை சலித்துப்போய்விட்டது. பெட்ரோல் மட்டுமில்லை, கருவாட்டையும் மல்லிகையையும் பக்கத்தில் வைத்தால் கண்ணைத் திறந்துதான் சொல்லுவான்.

மழைக்காலத்தில் வண்டி வெளியே நின்றால் ஆற்றங்காற்றுக்குத் துரு ஏறும் என்று கூடத்துக்குள்தான் நிறுத்துவான். ஒரு பக்கம் சாப்பாட்டு மேஜை, ஒரு பக்கம் ஜெப பீடம், நடுவில் வண்டி.

கெரோபின் பீடத்தைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"செவ்வாக்கிழமை யார் வர்றாங்கன்னு ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. மாதா சுரூபம் வார்டில் வீடு வீடாக வந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டில் ஒரு நாள் தங்கும். சாயங்காலம் அக்கம்பக்கம் எல்லாரும் வந்து முழங்காலிட்டு மன்றாட்டு பாடுவார்கள். வரிசையை மாற்ற முடியாது. செவ்வாய்க்கிழமை இவர்கள் முறை.

"நாப்பது மெழுகுவத்தி எரியும் மிங்கெல். இந்தக் கூடத்துல. வார்டே உக்காந்திருக்கும். மாதாவோட சேர்ந்து எல்லாரும் ஒரேயடியா மோட்சத்துக்குப் போயிடலாம்னு பாக்கிறியா?"

"திங்கக்கிழமையே டேங்க்கைக் கழட்டிடறேன்."

"கழட்டினா புதன்கிழமை பாசிங்?"

மிங்கெல் விரலிலிருந்த சோப்பைச் சுரண்டினான். அவன் பயந்ததும் அதற்குத்தான். புதன்கிழமை காலை பணஜியில் வண்டியைக் காட்டி, ரோட்டில் ஓடலாம் என்ற முத்திரையை, பாசிங்கை, வாங்க வேண்டும். அவர்கள் முதலில் கொடுத்த தேதியில் மழை கொட்டிப் படகு ஓடவில்லை. இரண்டாவதாகக் கொடுத்த தேதியில் மச்சான் மகள் கல்யாணம். இது மூன்றாவது, இதுதான் கடைசி. ஒழுகுகிற டேங்கைக் கண்டால் அங்கே வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பாசிங் இல்லாத வண்டிக்குத் துறையில் இடமில்லை. அவனுடைய ஏழாம் நம்பர் இடம் அடுத்துக் காத்திருக்கிற ஆளுக்குப் போய்விடும். அடுத்துக் காத்திருந்தது தாமுவின் மச்சினன். தாமு எட்டாம் நம்பர். இருபது வருஷமாக மிங்கெலுக்குப் பின்னாலேயே வண்டியை நிறுத்துகிறவன்.

"ஏழு போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்றான் மிங்கெல், யாரிடமோ கேட்கிற மாதிரி.

"என் கூட உக்காந்து துணி துவைப்ப," என்றாள் கெரோபின். "சோப்புதான் உனக்குப் பழக்கமாச்சே."

வெல்டிங் பாபுசோவின் பட்டறை ஊர்க்கோடியில், வயலைப் பார்த்தபடி இருந்தது. பாபுசோவுக்கு இடது புருவம் கிடையாது. சரியாகக் கழுவாத டேங்க் ஒன்று அதைக் கொண்டுபோய்விட்டது. அதிலிருந்து டேங்க் என்றாலே கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறவன் மாதிரி ஆயிரம் கேள்வி கேட்பான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மிங்கெல் வண்டியோடு அங்கே போனான்.

"பெட்ரோலை முழுசா வடிச்சியா?"

"வடிக்கிறேன்."

"வடிக்கிறேன்னா இன்னும் வடிக்கல. வடிச்சிட்டு சோப்புத் தண்ணி ஊத்தி மூணு தடவை கழுவு. அப்புறம் ஒரு நாள் வெறும் தண்ணியை ரொப்பி வை. அப்புறம் கொண்டா. நான் கவுத்துப்போட்டு, ஓட்டைக்கு ஒரு விரக்கடை கீழ வரைக்கும் தண்ணி நிப்பாட்டிட்டுத்தான் பித்தளை வெச்சுப் பத்தவைப்பேன்."

"பாபுசோ, அதுல இப்ப ஒரு வாசனையும் இல்லப்பா. நான் மோந்து பாத்தேன்."

"நீ மோந்து பாத்தியா?" பாபுசோ தன் ஒற்றைப் புருவத்தை உயர்த்தினான். "அப்படின்னா நாலு தடவை கழுவு."

அவன் வண்டிக்கு அடியில் குனிந்து டேங்கைப் பார்த்தான். அடியில் இரண்டு மாதத்துச் சோப்பு, குளவிக்கூடு மாதிரி படிந்து நின்றது. நகத்தால் சுரண்டினான். சுரண்டச் சுரண்ட ஓட்டை ஒன்று இரண்டானது, இரண்டு நான்கானது.

"உன் வண்டி டேங்க்ல ஓடலை மிங்கெல் பாப். உன் பொண்டாட்டி சோப்புலதான் ஓடியிருக்கு."

வடித்த பெட்ரோலை ஊற்றி வைக்க வீட்டில் பெரிய பாத்திரம் எதுவும் இல்லை. கெரோபின் தன் அம்மா வீட்டிலிருந்து வருகிற முந்திரி ஃபெனிச் சாராயத்தை இரண்டு பெரிய கண்ணாடிக் குடுவைகளில் வைத்திருப்பாள். இரண்டும் ஒரே அச்சு, பிரம்புப் பின்னல் போட்டவை. ஒன்றில் ஃபெனி இருந்தது, ஒன்று காலி. காலியில் மிங்கெல் பெட்ரோலை வடித்தான். அதன் கழுத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, கொல்லைச் சாய்ப்பில் விறகுக்குப் பின்னால் வைத்து, வீட்டுக்கு வந்த எல்லாரிடமும் சொன்னான்.

"சிவப்புத் துணி கட்டினது பெட்ரோல். யாரும் தொடக்கூடாது."

முக்கியமாகத் தம்பி கைத்தானிடம் இரண்டு தடவை சொன்னான். கைத்தான் மன்றாட்டுக்கு வயலின் வாசிக்கிறவன். வார்டில் எந்த வீட்டு ஃபெனி எந்த அலமாரியில் இருக்கிறது என்பது அவனுக்கு அத்துப்படி.

"என்னை என்னன்னு நெனச்ச?" என்று கைத்தான் கோபித்துக்கொண்டான். "பெட்ரோல் குடிக்கிற அளவுக்கா நான் போயிட்டேன்?"

"இன்னும் போகலை," என்றாள் கெரோபின்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பாபுசோ டேங்கைக் கொடுத்துவிட்டான். அடிப்பக்கத்தில் தங்க மச்சம் மாதிரி நாலு பித்தளைப் பொட்டுகள் மின்னின. உள்ளே காற்றடித்து உலர்த்தியிருந்தான். காலையில்தான் பெட்ரோல் ஊற்ற வேண்டும், அதுவரை மூடியைத் திறந்தே வை என்று சொல்லி அனுப்பினான். மிங்கெல் டேங்கைக் குழந்தையை ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டு வந்தான். டேங்க் இல்லாத வண்டி, எலும்பும் தோலுமாகக் கொல்லையில் நின்றது.

சாயங்காலம் மாதா வந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் குடைபிடித்துச் சுரூபத்தைக் கொண்டுவந்து பீடத்தில் வைத்தார்கள். நாற்பது மெழுகுவத்தியும் எரிந்தன. கைத்தானின் வயலின் முதலில் கொஞ்சம் முனகிவிட்டு, அப்புறம் அழகாகப் பாடியது. வயசானவர்கள் லத்தீனில் மன்றாட்டைச் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து பதில் பாடினார்கள். மிங்கெல் முழங்காலில் நின்று, கண்ணை மூடி, மாதாவிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டான். மாதாவுக்கு வண்டி நம்பர் குழம்பிவிடக் கூடாதே என்று 'ஏழு, ஏழு' என்று இரண்டு தடவை சொன்னான்.

பாடி முடிந்ததும் வழக்கம்போல் அவித்த கடலையும் தேங்காய்ப் பல்லும் இலையில் வந்தன. சிறு கிளாஸ்களில் ஃபெனி வந்தது. கெரோபின் ஒரு ஜாடியில் ஊற்றி வைத்திருந்ததையே அளந்து அளந்து கொடுத்தாள். கைத்தான் மூன்றாவது கிளாஸுக்கு நின்றான்.

"அண்ணி, குடுவையில இன்னும் இருக்கணுமே?"

"தீந்துபோச்சு."

"நேத்து பாத்தேன். கழுத்து வரைக்கும் இருந்துச்சு."

"இன்னிக்கு தீந்துபோச்சுங்கறேன். போய்க் கடலை தின்னு."

சுரூபத்துக்குப் பக்கத்தில் விளக்கு அணையாமல் பார்க்க வேண்டியது அந்த வீட்டுக்காரர் பொறுப்பு. கெரோபின் மிங்கெலைப் படுக்கச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்தாள். நாளைக்கு நீ வண்டி ஓட்டணும், நான் எதை ஓட்டப்போறேன் என்றாள்.

புதன்கிழமை விடிந்தபோது தூறல். மிங்கெல் எழுந்து கூடத்துக்கு வந்தான். விளக்கு எரிந்தது. கெரோபின் பிரம்பு நாற்காலியில், தலையில் போட்ட கறுப்பு லேஸ் முக்காட்டோடு, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். ஜெபமாலை விரலில் சுற்றியிருந்தது. எழுப்ப மனசு வரவில்லை. முந்தின நாள் முழுக்க அவள் உட்காரவில்லை. நாற்பது பேருக்குச் சன்னாஸ் இட்லி அவித்தவள். அவன் சத்தமில்லாமல் பழைய கஞ்சியைக் குடித்தான், மாங்காய் ஊறுகாயை நக்கிக்கொண்டான், கொல்லைக்குப் போனான்.

டேங்கை வைத்துத் திருகினான். குழாயைச் சொருகினான். விறகுக்குப் பின்னாலிருந்து சிவப்புத் துணிக் குடுவையைத் தூக்கி, துணியை அவிழ்த்து, புனலை வைத்து, ஒரு சொட்டும் சிந்தாமல் டேங்கில் ஊற்றினான். குனிந்து அடிப்பக்கத்தைத் தடவினான். விரல் உலர்ந்திருந்தது. மாதாவே என்றான்.

கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் கொஞ்சம் தங்கியிருந்ததால் மூன்றாவது உதையில் வண்டி கிளம்பிவிட்டது. மாதா கோவிலைத் தாண்டி, ஆலமரத்தைத் தாண்டி, துறைக்கு இறங்குகிற சரிவு வரை ஜோராகப் போனது. அங்கே ஒரு தடவை இருமியது, இன்னொரு தடவை இருமியது, அப்புறம் நின்றுபோனது.

மிங்கெல் உதைத்தான். பத்து, இருபது, நாற்பது. மழைக்கோட்டுக்குள் வேர்த்து ஊற்றியது. துறையில் வரிசையாக நின்ற பைலட்கள் எட்டிப் பார்த்தார்கள். தாமு வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தான்.

"என்ன மிங்கெல் பாப், இன்னிக்குப் பாசிங் இல்ல? உதைச்சே பணஜிக்குப் போயிடலாம்னு பாக்கறியா?"

"எரியலை தாமு. பிளக் நனைஞ்சிருக்கும்."

"நகரு."

தாமு பிளக்கைக் கழற்றினான், துடைத்தான், மாட்டினான். உதைத்தான். ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் ரொட்டி வாங்க வந்த கைத்தான், தலையைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினான். முந்தைய நாள் போதை கண்ணிலேயே இருந்தது. வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றான். மூக்கை உயர்த்தினான். இடது பக்கம் போனான், வலது பக்கம் வந்தான். கடைசியில் டேங்க் மூடியின் மேல் குனிந்து கண்ணை மூடினான்.

"இது அண்ணியோட அம்மா வீட்டு ஃபெனி," என்றான். "போன வருஷம் காய்ச்சினது."

"போடா, உனக்கு எப்பவும் அதே நெனப்பு."

"திறந்து பாரு."

தாமு மூடியைத் திறந்து விரலை விட்டு நாக்கில் வைத்தான். அவன் கண்கள் விரிந்தன. விரலை இன்னொரு தடவை விட்டான்.

"சாய்பா, சாமி!" என்றான். "அசல் சரக்கு."

மிங்கெல் அந்தச் சரிவிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அப்போது மேலேயிருந்து கெரோபின் ஓடிவந்தாள். இரவு கவுன், தலையில் லேஸ் முக்காடு, இடுப்பில் இன்னொரு குடுவை, கையில் புனல். ஊரே பார்க்கிறது என்ற நினைப்பு அவளுக்கு இல்லை.

"ஊத்திட்டியா? ஊத்திட்டியா மிங்கெல்?"

"ஊத்திட்டேன்."

"அய்யோ, அது ஃபெனி! பெட்ரோல் இதுல இருக்கு!"

"சிவப்புத் துணி கட்டியிருந்துச்சே!"

"நான்தான் மாத்திக் கட்டினேன்!" மூச்சு வாங்கினாள். "நாப்பது மெழுகுவத்தி எரியற வீட்ல பெட்ரோலை எப்படி வெப்பேன்? நேத்துக் காலையிலேயே தூக்கிட்டுப் போய்ப் பழைய பன்னிக்கொட்டாய்ல வெச்சேன். ஃபெனியை எங்க வெச்சாலும் இவன் கண்டுபிடிச்சிடுவான்." கைத்தானைக் கை காட்டினாள். "அதான் அதுல சிவப்புத் துணியைக் கட்டி விறகுக்குப் பின்னால வெச்சேன். பெட்ரோல்னு நெனச்சுத் தொடமாட்டான்ல."

"அண்ணி," என்றான் கைத்தான். "என் முகத்துக்கு நேராவா சொல்றீங்க?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கெரோபின்!"

"காலையில சொல்லலாம்னுதான் இருந்தேன். என்னை எழுப்பியிருக்க வேண்டியதுதானே?"

"நீ தூங்கிட்டிருந்த. பாவமா இருந்துச்சு."

"இருபத்தாறு வருஷத்துல ஒரு நாள் என்னைத் தூங்க விட்டிருக்கியா? சட்டை எங்க, சீப்பு எங்க, என் செருப்பு எங்கன்னு எழுப்பாத நாள் உண்டா? இன்னிக்குத்தானா உனக்குப் பாவமா இருக்கணும்?"

துறையில் நின்ற பைலட்கள் சிரிப்பை அடக்க ஆற்றைப் பார்த்தார்கள். படகு ஊதியது. அடுத்த படகு அரை மணி கழித்துத்தான். அதில் போனால் பணஜியில் வரிசை முடிந்திருக்கும்.

மிங்கெல் எழுந்திருக்கவில்லை. "விடு," என்றான். "போச்சு. தாமு, உன் மச்சினன்கிட்ட சொல்லு. வண்டிக்கு மஞ்சள் அடிக்கச் சொல்லு."

தாமு வாயிலிருந்த மிச்ச வெற்றிலையையும் துப்பினான். அப்புறம் மிங்கெலின் வண்டி ஹேண்டிலைப் பிடித்துச் சரிவில் தள்ள ஆரம்பித்தான்.

"என்னடா பண்ற?"

"அந்த மச்சினன் தினம் எனக்கு முன்னால நின்னு பீடி பிடிச்சிட்டே அவங்கம்மா புராணம் பாடுவான். எனக்கு இன்னும் பதினஞ்சு வருஷம் இருக்கு இந்தத் துறையில. உன் இடம் வேணும்னா நீ செத்தப்புறம் பாத்துக்கலாம். எந்திரி! கெரோபின் அக்கா, குடுவையைக் கெட்டியாப் பிடிங்க!"

படகின் பலகை மேலேறுவதற்குள் இரண்டு வண்டியும் மூன்று பேரும் உள்ளே இருந்தார்கள். கைத்தானும் எப்படியோ ஏறியிருந்தான், ரொட்டிப் பையோடு.

"குடுவையில என்ன?" என்று மேலேயிருந்து படகோட்டி கத்தினார்.

"பெட்ரோல்!" என்றாள் கெரோபின்.

"யாரும் பீடி பத்தவைக்காதீங்கடா!"

ஆற்றைக் கடக்கப் பத்து நிமிஷம். தாமு குழாயைப் பிடுங்கினான். டேங்கிலிருந்து ஃபெனி பளபளவென்று ஊற்றியது. கைத்தான் அவசரமாகத் தன் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்துவிட்டு நீட்டினான்.

"ஒரு பாட்டில். ஒண்ணே ஒண்ணு. துணியில வடிகட்டிக்கிறேன்."

"பெட்ரோல் டேங்க்ல கிடந்ததுடா. குடல் வெந்துடும்," என்றாள் கெரோபின்.

"ஏற்கனவே வெந்த குடல்தான் அண்ணி."

அவள் பாட்டிலைப் பிடுங்கிவிட்டாள். ஒரு வருஷத்து ஃபெனி, பண்டிகைக்கும் விருந்தாளிக்கும் என்று அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்தது, மாண்டவி ஆற்றில் கலந்தது. கைத்தான் சிலுவை போட்டுக்கொண்டான். கெரோபின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கும் வலிக்காமல் இல்லை.

தாமு கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றிப் பெட்ரோலில் அலசினான். மிங்கெல் டேங்கையும் ஒரு கை பெட்ரோல் விட்டு அலசிக் கொட்டினான். மிச்சத்தை ஊற்றக் குடுவையைத் தூக்கினான். கெரோபின் புனலைப் பிடித்துக்கொண்டாள். ஊற்றுவதற்கு முன்னால் குடுவையைத் தானே முகர்ந்து பார்த்தாள், தாமுவை முகர வைத்தாள், கைத்தானை முகர வைத்தாள். மூன்று பேரும் பெட்ரோல் என்றார்கள்.

ரிபந்தர் கரையில் இறங்கியதும் மிங்கெல் உதைத்தான். தும்மியது. எரியவில்லை.

"உள்ள இன்னும் போதை தெளியல," என்றான் தாமு. "நியூட்ரல்ல போடு. நான் தள்ளறேன்."

தாமு தன் வண்டியைப் பக்கத்தில் கொண்டுவந்து, ஒரு காலை நீட்டி மிங்கெல் வண்டியின் பின் மிதியில் ஊன்றி, ஆக்ஸிலரேட்டரை முறுக்கினான். தாமுவின் பின்னால் கெரோபின், இரவு கவுன் மேல் கைத்தானின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, காலிக் குடுவையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கைத்தான் கரையில் நின்று ரொட்டியை ஆட்டினான். இரண்டு பக்கமும் உப்பளம். நடுவில் நீளமான பாலம். பாலத்தின் மேல் ஒரு வண்டியை இன்னொரு வண்டி காலால் தள்ளிக்கொண்டு போனது.

"தாமு, கால் வலிக்கலையா?"

"வலிக்குது. பேசாம நேரா ஓட்டு."

"உன் மச்சினன் கேட்டா என்ன சொல்லுவ?"

"வழுக்கி விழப்போனவனைக் கால் கொடுத்து நிப்பாட்டினேன்னு சொல்லுவேன். இப்ப கியர் போடு!"

மிங்கெல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டான். வண்டி குலுங்கியது, வெள்ளைப் புகையை ஒரு மேகமாகக் கக்கியது, பிடித்துக்கொண்டது. கெரோபின் பாலத்தின் நடுவிலேயே இறங்கிப் புருஷன் பின்னால் மாறி உட்கார்ந்தாள். தாமு காலைத் தேய்த்துக்கொண்டே திரும்பிப் போனான். அவனுக்கு முதல் சவாரி ஏற்கனவே போயிருந்தது.

பணஜியில் பாசிங் வரிசையில் கடைசி ஆளாகத்தான் நின்றார்கள். அதிகாரி ஒரு பக்கம் குடை, ஒரு பக்கம் காகிதக்கட்டு என்று வந்தார். விளக்கைப் போடச் சொன்னார், ஹாரன் அடிக்கச் சொன்னார், பிரேக்கை மிதித்துப் பார்த்தார். டேங்க் பக்கம் வந்ததும் நின்றார். மூக்கு சுருங்கியது. மிங்கெலை நெருங்கினார்.

"ஊது."

மிங்கெல் ஊதினான். அதிகாரி யோசித்தார்.

"இன்னொரு தடவை ஊது." ஊதினான். "நீ குடிக்கலை."

"இல்ல சார்."

"அப்ப ஃபெனி வாசனை எங்கேருந்து வருது?"

மிங்கெல் கெரோபினைப் பார்த்தான். கெரோபின் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"வண்டிதான் சார் குடிச்சிருக்கு."

"வண்டியா?"

"என் தப்பு சார். மாதா வந்திருந்தாங்க வீட்டுக்கு..." என்று ஆரம்பித்து, மெழுகுவத்தி, பன்றிக்கொட்டகை, கொழுந்தன், சிவப்புத் துணி எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். அதிகாரி முகத்தில் ஒரு சதையும் அசையவில்லை.

"தென்னையா, முந்திரியா?"

"முந்திரி சார். ரெண்டு தடவை காய்ச்சினது."

"எவ்வளவு?"

"கழுத்து வரைக்கும் சார்."

"த்சு," என்றார் அதிகாரி. அது மனசிலிருந்து வந்தது. ஆனால் குனிந்தார். பித்தளைப் பொட்டுகளைக் கண்டுவிட்டார். "இது என்ன? ஒழுகின டேங்க்கா?"

"ஒழுகிச்சு சார். இப்ப இல்ல."

"அதை நான் பாக்கணும்."

அவர் கட்டிலிருந்து ஒரு வெள்ளைக் காகிதத்தை உருவி டேங்குக்கு நேர் கீழே தரையில் விரித்தார். தன் குடையை அதன் மேல் சாய்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். மூன்று பேரும் காகிதத்தைப் பார்த்தார்கள். மிங்கெலுக்கு இருபத்தாறு வருஷமும் அந்தக் காகிதத்தில் விரித்துப் போட்ட மாதிரி இருந்தது. கெரோபின் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். எப்போது பிடித்தாள் என்று இருவருக்கும் தெரியாது.

ஒரு சொட்டு விழுந்தது.

காகிதத்தின் நடுவில், வட்டமாக. மிங்கெல் கண்ணை மூடிக்கொண்டான். அதிகாரி காகிதத்தை எடுத்து முகர்ந்தார். கெரோபினிடம் நீட்டினார். அவள் முகர்ந்தாள். திரும்பவும் முகர்ந்தாள்.

"மழைத் தண்ணி," என்றாள். "சீட்டுலருந்து வழியுது."

அதிகாரி விரலால் டேங்கின் அடியை ஓரத்திலிருந்து ஓரம் வரை தடவினார். விரலைக் காய்ந்த கைக்குட்டையில் துடைத்தார். கைக்குட்டையைப் பார்த்தார். அப்புறம் காகிதக்கட்டைத் தொடையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார், முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

"அடுத்த தடவை ஃபெனியை ஆஃபீஸ்ல வந்து ஒளிச்சு வைங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வரும்போது இருவரும் அதிகம் பேசவில்லை. ரிபந்தரில் சூடாக இரண்டு மிளகாய் பஜ்ஜி வாங்கி, படகில் நின்றபடி தின்றார்கள். பாசிங் காகிதம் மிங்கெலின் உள்சட்டைக்குள், பிளாஸ்டிக் உறையில் இருந்தது. அவன் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

திவார் கரையில் பலகை இறங்கியது. மழை விட்டிருந்தது. பைலட்கள் வரிசையாக நின்றார்கள். சவாரி முறை தாமுவினுடையது, அவன் முன்னால் வண்டியை உறுமவிட்டுக்கொண்டு நின்றான். படகிலிருந்து இறங்கிய ஒரு பெண், கையில் கோழிக்கூடையும் தோளில் பையுமாக, சுற்றிலும் பார்த்துக் கத்தினாள்.

"பைலட்! மலார் வரைக்கும் வருவீங்களா?"

தாமு மிங்கெலைப் பார்த்தான். மிங்கெல் சட்டையைத் தட்டிக் காட்டினான். தாமு அந்தப் பெண்ணிடம் திரும்பினான்.

"என் வண்டி ஸ்டார்ட் ஆகலை அக்கா," என்றான். அவன் வண்டி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. "ஏழாம் நம்பர்ல போங்க."

கெரோபின் இறங்கினாள். கவுனை உதறிவிட்டு, சீட்டிலிருந்த ஈரத்தைத் தன் லேஸ் முக்காட்டால் துடைத்தாள்.

"உக்காருங்கம்மா. கூடையை என்கிட்ட குடுங்க, ஏறினதும் தர்றேன்."

"நீ எப்படி வீட்டுக்குப் போவ?" என்றான் மிங்கெல்.

"நடந்து."

"இந்தக் கவுனோடயா? ஊரே பாக்கும்."

"காலையில பாக்காததையா இப்ப பாக்கப்போறாங்க?" அவள் கூடையைத் தூக்கி அந்தப் பெண்ணின் மடியில் வைத்தாள். "அவங்க கூப்பிட்டது பைலட்டை. என் புருஷனை இல்ல. போ."